மோதின ரயிலின் சக்தி எங்கே போகிறது?

"பி.காம். படிக்கிறவனுக்கு பௌதிகத்தில் என்னடா வேலை?" என்று கேட்கப்போகும் நண்பர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது பௌதிகம் மாதிரி ஆரம்பிக்கும், நடுவில் கொஞ்சம் கணக்குப்பதிவியல் வரும், ஆனால் உண்மையில் இது ரயில்வே சரித்திரம். பயப்படாமல் படிக்கலாம், சமன்பாடு ஒன்றே ஒன்றுதான், அதுவும் வாய்வார்த்தையில்.

ரெண்டு விபத்துகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் வந்த கேள்வி இது.

முதலாவது, 2023 ஜூன் 2. ஒடிசாவில் பாலசோர் மாவட்டம், பாஹாநகா பஜார் ஸ்டேஷன். ஷாலிமாரில் கிளம்பி நம்ம சென்ட்ரலுக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ், மெயின் லைனில் நேராகப் போயிருக்க வேண்டியது, லூப் லைனுக்குள் புகுந்து அங்கே நின்றுகொண்டிருந்த கூட்ஸ் வண்டியின் மேல் மோதியது. 290 பேருக்கு மேல் இறந்தார்கள்.

ரெண்டாவது, 2024 அக்டோபர் 11. இது நம்ம திருவள்ளூர் மாவட்டத்திலேயே, கும்மிடிப்பூண்டிக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிற கவரைப்பேட்டை. குமணன்சாவடியில் இருந்து வெளிவட்டச் சாலையைப் பிடித்தால் பைக்கிலேயே போய்விட்டு வந்துவிடலாம். மைசூரில் இருந்து தர்பங்கா போகிற பாக்மதி எக்ஸ்பிரஸ். இதற்கும் சிக்னல் மெயின் லைனுக்குத்தான், இதுவும் லூப் லைனுக்குள் போனது, அங்கேயும் ஒரு கூட்ஸ் வண்டி நின்றுகொண்டிருந்தது. பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. ஒரு பார்சல் வண்டி தீப்பிடித்தது. இருபது பேர் அளவில் காயம். ஆனால் இறந்தவர் ஒருவர்கூட இல்லை.

மறுநாள் எல்லாரும் சொன்ன காரணம், "எல்.ஹெச்.பி. பெட்டிதான் காப்பாத்திச்சு". சரி. ஆனால் கோரமண்டலிலும் அதே எல்.ஹெச்.பி. பெட்டிதானே? அப்போ கவரைப்பேட்டையில் காப்பாற்றியது எது?

பதிலுக்கு ஒரு முந்நூற்றைம்பது வருஷம் பின்னால் போக வேண்டும். பொறுமை.

ரெண்டு பொருள் மோதினால் என்ன ஆகும் என்பது பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பெரிய மண்டைக்குடைச்சல். பொருளின் அளவை வேகத்தால் பெருக்கினால் வருவதுதான் 'இயக்கத்தின் அளவு', அது உலகத்தில் மொத்தமாகக் கூடாது, குறையாது என்று டெகார்த் 1644-ல் எழுதிவைத்தார். ஆனால் அவர் சொன்ன மோதல் விதிகளில் பாதிக்கு மேல் சும்மா கேரம் போர்டில் சோதித்தாலே தப்பு என்று தெரிந்துவிடும். திசையை அவர் கணக்கில் எடுக்கவில்லை. அதனால் லண்டன் ராயல் சொசைட்டி 1668-ல் இந்த விஷயத்தை எழுதித் தரச்சொல்லி ஆட்களைக் கேட்டது. மூன்று பேர் எழுதினார்கள். ஜான் வாலிஸ், கிறிஸ்டோபர் ரென் (லண்டனில் செயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டினாரே, அவரேதான்), ஹாலந்துக்காரர் ஹைகன்ஸ். ரென்னும் ஹைகன்ஸும் கேரம் காய் மாதிரி மோதித் தெறிக்கிற பொருள்களை எடுத்துக்கொண்டார்கள். வாலிஸ் எடுத்துக்கொண்டது தெறிக்காமல் ஒட்டிக்கொள்கிற பொருள்களை. சப்பாத்தி மாவு உருண்டைகள் ரெண்டை மோதவிட்ட மாதிரி. பாடப்புத்தகத்தில் 'மீட்சியற்ற மோதல்' என்று வருவது இதுதான். ரயில் விபத்து முழுக்க முழுக்க வாலிஸ் கட்சி.

மூன்று பேர் கணக்கிலும் ஒன்று தேறியது. எடையை வேகத்தால் பெருக்கி, திசைக்கு ஏற்ப கூட்டல் கழித்தல் போட்டால், மோதலுக்கு முன்னும் பின்னும் தொகை ஒன்றுதான். இதுதான் உந்தம். இந்த பேலன்ஸ் ஷீட் எப்பவும் டேலி ஆகும்.

ஆனால் ஹைகன்ஸ் இன்னொன்றையும் கவனித்தார். தெறிக்கிற மோதலில், எடையை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினாலும் தொகை மாறுவதில்லை. இதைப் பிடித்துக்கொண்டு 1686-ல் ஜெர்மனியின் லைப்னிட்ஸ் டெகார்த் கட்சிக்காரர்களோடு சண்டைக்குப் போனார். இயக்கத்தின் உண்மையான அளவு வேகம் இல்லை, வேகத்தின் வர்க்கம்தான் என்றார், அதற்கு 'உயிருள்ள விசை' என்று பேரும் வைத்தார். அது சரியென்றால் வேகம் ரெண்டு மடங்கானால் சக்தி நாலு மடங்கு, மூன்று மடங்கானால் ஒன்பது.

இதை வெறும் களிமண்ணை வைத்துப் பரீட்சை பண்ணிப் பார்த்தவர் ஹாலந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்து கிராவெசாண்டெ. 1722 வாக்கில் பித்தளைக் குண்டுகளை வேறு வேறு உயரத்தில் இருந்து மெத்தென்ற களிமண் மேல் போட்டார். ரெட்டை வேகத்தில் விழுந்த குண்டு போட்ட பள்ளம் ரெண்டு மடங்கு இல்லை, நாலு மடங்கு. அவர் அதுவரைக்கும் எதிர்க்கட்சி! சோதனை முடிந்ததும் கட்சி மாறிவிட்டார். (இந்த மாதிரி கட்சித்தாவலை யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.) அவருடைய முடிவைப் பிரான்சில் எடுத்துப்போய் வாதாடியது எமிலி து ஷாத்லே என்கிற பெண்மணி, 1740-ல் வெளியான தன் பௌதிகப் புத்தகத்தில். நியூட்டனின் பெரிய நூலைப் பிரெஞ்சில் பெயர்த்த அதே எமிலி. பிள்ளை பெற்ற சில நாளில், 1749-ல் இறந்துபோனார். நம்ம பிளஸ் டூ புத்தகத்தில் இவர் பேரைப் பார்த்த ஞாபகமே எனக்கு இல்லை.

இங்கேதான் சிக்கல். தெறிக்கிற மோதலில் வர்க்கக் கணக்கு டேலி ஆகிறது. ஒட்டிக்கொள்கிற மோதலில் ஆவதில்லை! மாவு உருண்டைகள் ரெண்டும் ஒரே வேகத்தில் எதிரெதிரே வந்து அப்படியே நின்றுவிட்டால், உந்தத்துக்கு முன்னாலும் பூஜ்யம், பின்னாலும் பூஜ்யம், பிரச்சினை இல்லை. ஆனால் வர்க்கத் தொகை முன்னால் நிறைய இருந்தது, இப்போ பூஜ்யம். நஷ்டம். எங்கே போச்சு?

லைப்னிட்ஸ் இதற்குச் சொன்ன பதில்தான் என்னை மாதிரி காமர்ஸ்காரனுக்கு சர்க்கரைப் பொங்கல். நியூட்டன் கட்சியைச் சேர்ந்த கிளார்க் என்பவருக்கு 1716-ல் எழுதிய கடிதத்தில், சக்தி தொலையவில்லை, பொருளின் உள்ளே இருக்கிற சின்னச் சின்னத் துகள்களுக்குப் பிரிந்து போய்விட்டது, பெரிய பணத்தைச் சில்லறையாக மாற்றுவது போலத்தான் இது என்கிறார். 500 ரூபாய் நோட்டைக் கொடுத்துச் சில்லறை வாங்கினால் கையில் நோட்டு இருக்காது, ஆனால் யாரும் ஏமாற்றிவிடவில்லை. சில்லறை எந்த ரூபத்தில் இருக்கிறது என்பது தெளிவாக இன்னும் நூற்றுச்சொச்சம் வருஷம் ஆனது. 1840-களில் மான்செஸ்டர் பக்கத்து பீர் ஆலைக்காரர் வீட்டுப் பிள்ளை ஜூல், இயக்கம் எவ்வளவு செலவானால் எவ்வளவு சூடு வரவாகும் என்று அளந்து காட்டினார். செலவுப் பக்கத்தில் எழுதினது வரவுப் பக்கத்தில் வந்தே தீரும். ரெட்டைப் பதிவு முறை!

சரி, ரயிலுக்கு வருவோம்.

சுமார் 1000 டன் எடையுள்ள ஒரு எக்ஸ்பிரஸ் ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். இருபது பெட்டிக்கு மேல் இருந்தால் அந்தப் பக்கமாகத்தான் வரும். அது மணிக்கு 75 கி.மீ. வேகத்தில் போனால் அதன் இயக்க ஆற்றல் கிட்டத்தட்ட 21.7 கோடி ஜூல். பெரிசாகத் தெரிகிறதா? மின்சார யூனிட்டாக மாற்றிப் பாருங்கள், வெறும் 60 யூனிட்! 2016-ல் வீடுகளுக்கு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று அறிவித்தார்களே, அதில் பாதியைக் கொஞ்சம் தாண்டுகிறது, அவ்வளவுதான். நானே ரெண்டு தரம் போட்டுப் பார்த்தேன். அந்த 60 யூனிட்டை வீட்டில் ஃபேன், டி.வி., மிக்ஸி என்று வாரக்கணக்கில் செலவழிக்கிறோம். மோதலில் சில வினாடியில் செலவழிந்தாக வேண்டும், அதுதான் வித்தியாசம். எஃகு வளைய, கிழிய, தண்டவாளம் முறுக்க, ஜல்லி பறக்க, சூடாக... எந்த ரூபத்திலாவது.

நின்றுகொண்டிருக்கும் ஒன்றின் மேல் மோதி ஒட்டிக்கொண்டால் எவ்வளவு பங்கு உடனே செலவாகும் என்பதற்கு எளிய கணக்கு இருக்கிறது. நின்றிருந்ததின் எடையை மொத்த எடையால் வகுத்தால் வருவதுதான் நஷ்டத்தின் பங்கு. ரெண்டும் சம எடை என்றால் பாதி. நின்றிருந்தது மூன்று மடங்கு கனம் என்றால் முக்கால். மீதி, ரெண்டும் சேர்ந்து உருண்டு, உரசி, மெதுவாகக் கழியும். ரயில் ஒரே கட்டி இல்லை, பெட்டி பெட்டியாகக் கோத்தது, தடம் விட்டு விலகும், அதனால் இது மேலோட்டக் கணக்குதான். ஆனாலும் பாஹாநகாவில் நின்றிருந்த கூட்ஸ் வண்டி இரும்புத் தாது ஏற்றியது, மோதியும் அது தடம் புரளவில்லை என்பதை இதோடு சேர்த்துப் படித்தால் ஏதோ புரிகிற மாதிரி இருக்கிறது. கனமான சுவரில் மோதினால் அத்தனையும் மோதினவன் தலையில்.

அடுத்தது வேகம். கவரைப்பேட்டையில் லூப் லைனுக்குள் போனபோது வேகம் சுமார் 75 கி.மீ. என்று ரயில்வே சொன்னது. கோரமண்டலின் வேகம் சுமார் 128. பார்த்தால் 75-க்கும் 128-க்கும் ரெண்டு மடங்குகூட வித்தியாசம் இல்லை. களிமண் சோதனையை ஞாபகம் வைத்துக்கொண்டு வர்க்கம் போடுங்கள். 2.9 மடங்கு! நம்ம 1000 டன் ரயிலில் 60 யூனிட்டாக இருந்தது 175 யூனிட் ஆகிறது. ஒரே மாதிரிப் பெட்டி, ஒரே மாதிரித் தப்பு, ஆனால் கொடுக்க வேண்டிய பில் மூன்று மடங்குக்குப் பக்கம். பாஹாநகாவில் அதோடும் நிற்கவில்லை, சிதறின பெட்டிகள் பக்கத்து லைனில் விழுந்து, அந்த நேரத்தில் கடந்துகொண்டிருந்த யஷ்வந்த்பூர் - ஹவுரா ரயிலின் கடைசிப் பெட்டிகளையும் இழுத்தன.

பிரேக்கையும் இந்த இடத்தில் சொல்லவேண்டும். பிரேக்கும் இயக்க ஆற்றலைத் தொலைக்கிற வேலைதான், யாருக்கும் அடிபடாமல். 110-ல் ஓடுகிற ரயில் 75-க்கு இறங்கிவிட்டாலே பாதிக்கு மேல் சக்தி பிரேக் வட்டில் சூடாகக் கரைந்துவிட்டது என்று அர்த்தம். கடைசி வினாடியில் பிடிக்கிற பிரேக் ரயிலை நிறுத்தாவிட்டாலும் வீண் இல்லை.

இனி நம்ம ஏரியா சரித்திரம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ல் ராயபுரத்தில் இருந்து வாலாஜா ரோடு வரைக்கும் ஓடியது. நம்ம ஆவடி, அம்பத்தூர் வழியாகப் போகிற அதே தடம். அந்தக் காலத்துப் பெட்டிகளில் அடிச்சட்டம் இரும்பு, மேலே உடம்பு மரம். மோதினால் ஒரு பெட்டியின் இரும்புச் சட்டம் லேசாக எகிறி, அடுத்த பெட்டியின் மர உடம்புக்குள் கத்தி மாதிரி நுழையும். மடக்குத் தொலைநோக்கியில் ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய் போகிற மாதிரி என்பதால், உலகம் முழுக்க ரயில்காரர்கள் அதற்கு 'டெலஸ்கோப்பிங்' என்று பேர் வைத்துவிட்டார்கள். செலவாக வேண்டிய சக்தி உட்கார்ந்திருக்கிற ஆள்மேல் செலவாகும் என்பதற்கு இதைவிடக் கொடூரமான உதாரணம் கிடையாது.

இதற்கு மாற்றாகத்தான் 1949-ல் இந்தியா ஒரு சுவிஸ் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டு, 1955 அக்டோபர் 2-ல் நேரு பெரம்பூரில் ஐ.சி.எஃப்-ஐத் திறந்துவைத்தார். முழுக்க எஃகு. அடிச்சட்டம் தனி, உடம்பு தனி என்று இல்லாமல் எல்லாம் ஒன்றாக வெல்டு செய்த கூடு. ரெண்டு முனைகளையும் மட்டும் நசுங்கி சக்தியை வாங்கிக்கொள்கிற மாதிரி அமைத்தார்கள், நடுவில் ஆள் உட்காரும் இடம் தப்பிக்க. கிராவெசாண்டெயின் களிமண்ணைப் பெட்டியின் ரெண்டு முனையிலும் அப்பி வைத்த மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன். பேரே 'டெலஸ்கோப் ஆகாத' பெட்டி. அரை நூற்றாண்டுக்கு மேல் இந்தியா முழுக்க ஓடியது பெரும்பாலும் இந்த வடிவம்தான். நாம் எல்லாரும் ஊருக்குப் போன நீலப் பெட்டி.

அதில் ஒரு குறை இருந்தது. பெட்டிக்கும் பெட்டிக்கும் இணைப்பு ஸ்க்ரூ கப்ளிங், ரெண்டு பக்கமும் பஃபர். இழுப்பதற்கும் இடிப்பதற்கும் போதும், ஆனால் பலமாக மோதும்போது ஒரு பெட்டி எகிறி அடுத்ததன் மேல் ஏறுவதைத் தடுக்க அதில் எதுவும் இல்லை. ஏறிவிட்டால் நசுங்குவதற்கென்று வைத்த முனைக்கு வேலையே இல்லாமல் போகும். 1999 ஆகஸ்ட் 2-ல் மேற்கு வங்கம் கைசாலில் ரெண்டு ரயில்கள் ஒரே தடத்தில் நேருக்கு நேர் மோதின. 285 பேருக்கு மேல் பலி. எதிரெதிரே வந்த மாவு உருண்டைக் கணக்குதான், கிட்டத்தட்ட முழுசும் நஷ்டம்.

ஜெர்மன் வடிவமான எல்.ஹெச்.பி.க்கு 1995-லேயே ஒப்பந்தம் ஆகி, 2000-ல் பெட்டிகள் ஓடத் தொடங்கின. துருப்பிடிக்காத எஃகு உடம்பு, டிஸ்க் பிரேக், முக்கியமாக நடுவில் ஒரே கப்ளர், கைகோத்த மாதிரி இறுக்கிப் பிடித்துக்கொண்டு மேலே ஏற விடாது. ஆனால் ஐ.சி.எஃப். பழைய வடிவத்தைச் செய்வதை நிறுத்தியது 2018 ஜனவரியில்! நல்ல பெட்டி கையில் இருந்தும் பதினெட்டு வருஷம் பழசையும் செய்துகொண்டே இருந்தோம். ஒரே நாளில் மாற்ற முடியாது, பணம் வேண்டும், ரெண்டு வகையையும் கலந்து கோர்க்க முடியாது, எல்லாம் தெரியும். மூலதனச் செலவை ஒத்திப்போடுவது எப்படி என்று எங்களுக்கும் சொல்லித்தருகிறார்கள். ஒத்திப்போட்ட செலவு எந்தக் கணக்கில் போய் உட்காரும் என்று மட்டும் அந்தப் பாடத்தில் வராது.

ஆக, கவரைப்பேட்டையில் காப்பாற்றியது பெட்டி மட்டும் இல்லை, 75 என்கிற எண்ணும்தான். பெட்டி எவ்வளவு சக்தியை வாங்கிக்கொள்ளும் என்பதற்கு ஒரு எல்லை இருக்கிறது, 128-ல் அந்த எல்லை எங்கேயோ பின்னால் போய்விட்டது. வேகத்தைக் கூட்டுவதை மட்டும் பெருமையாக அறிவிக்கும்போது எனக்கு வர்க்கம்தான் ஞாபகம் வருகிறது. 110-ஐ 130 ஆக்கினால் வேகம் 18 சதவீதம் கூடும், சக்தி 40 சதவீதம் கூடும். சிக்னலும் பாயின்ட்டும் அந்த 40 சதவீதத்துக்குத் தகுந்த மாதிரி கூடியிருக்கிறதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

கடைசியாக ஒன்று. மோதலில் சக்தி ரயில் முழுக்கச் சமமாகப் பங்கிடப்படுவதில்லை. முன்னால் இருக்கிற பெட்டிகள்தான் முதலில் வளையும், பெரும்பங்கைக் கட்டும். பின்னால் இருந்து மோதினால் கடைசிப் பெட்டிகள். நம்ம எக்ஸ்பிரஸ் ரயில்களில் பெரும்பாலும் அந்த ரெண்டு முனைகளிலும் இருப்பது எது? முன்பதிவில்லாத ஜெனரல் கம்பார்ட்மென்ட். ஏ.சி. நடுவில். ஸ்டேஷன் படிக்கட்டு நடுவில் இருக்கிறது, கூட்டம் ரெண்டாகப் பிரியும் என்று நிர்வாகக் காரணங்கள் சொல்லலாம். கணக்குப்படி பார்த்தால், குறைந்த விலைக்கு டிக்கெட் எடுத்தவன் களிமண் இருக்கிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறான். அதுவும் 90 பேர் உட்காரும் இடத்தில் அதற்கும் மேல் எத்தனையோ பேர் நின்றுகொண்டு.

முன்பதிவு இல்லாததால் பேர்ப்பட்டியலும் கிடையாது. பாஹாநகாவில் இறந்தவர்களில் 28 பேரின் உடல்கள் புவனேஸ்வர் எய்ம்ஸில் நாலு மாசம் காத்திருந்தன. யாரும் உரிமை கோரி வரவில்லை. 2023 அக்டோபரில் நகராட்சியே தகனம் செய்தது.